வல்லாரையும் நாலு நம்பரும்: உளவியலில் ஒரு பருவம்

உளவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறேன் என்றதும் எங்கள் தாமானில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் டீச்சர், யாரையாச்சும் தஞ்சோங் ரம்புத்தான்ல சேக்கணுமா?" பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிண்டலை விளக்க வேண்டியதில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனைக்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகியும், நம் வாயில் அது ஊர்ப் பெயரோடுதான் புழங்குகிறது. மீதிப் பேர், "என் மனசுல இப்ப என்ன ஓடுதுனு சொல்லுங்க பாப்போம்" என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பாடத்தை முடித்துவிட்டேன். யார் மனதில் என்ன ஓடுகிறது என்று இன்னமும் எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது அடித்துச் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

எங்கே படிப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது. கோலேஜ் கொமுனித்தி என்றால்தான் நம்மவர்களுக்குப் பிடிபடும். தொழில்திறன் கற்க நல்ல வழி அது. குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது பட்டப்படிப்பில் சேரும் பாடம். வேலையை விடாமல் அதைப் படிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் தோது. ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியா 2000-இல் தொடங்கியது. உளவியல் பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது, ஈப்போவில் மையமும் இருக்கிறது. இணைய வகுப்புகள் வந்த பிறகு முன்பு மாதிரி அலைச்சல் இல்லை. போக வேண்டிய நாளில், தெலுக் இந்தானைத் தாண்டி லங்காப் வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கூடப் படிப்பவர் யாராவது அதே சாலையில் இருக்கிறாரா என்று முதல் வகுப்பிலேயே விசாரித்துவிடுங்கள். பெட்ரோல் காசு பாதியாகும். அதைவிட, வண்டியில் பேசிக்கொண்டு போகும் பாடம் மண்டையில் நிற்கும்.

எஸ்.பி.எம்.மோடு நின்றுவிட்டோமே என்று தயங்குகிறவர்களுக்கு அப்பெல் என்ற வாசல் இருக்கிறது. 21 வயது நிரம்பி, வேலை அனுபவமும் இருந்தால், ஒரு சோதனை எழுதி, அனுபவக் கோப்பு ஒன்றையும் கொடுத்துப் பட்டப்படிப்புக்குத் தகுதி பெறலாம். அந்தக் கோப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "நல்லவர், கடும் உழைப்பாளி" என்று மேலாளர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன பொறுப்பு, யாருக்குப் பயிற்சி கொடுத்தார், எந்தப் பதிவேட்டை வைத்திருந்தார் என்று எழுதி வாங்குங்கள். நான் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு நானே தயாரித்த குறிப்புகள்கூட அந்தக் கோப்பில் இடம் பிடித்தன. கட்டணத்துக்கு, சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க முடியும். பதிவு செய்வதற்கு முன்பே விதிமுறையைப் படித்துவிடுவது நல்லது.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. அறிமுகப் பாடம் 3 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். 14 வாரப் பருவத்தில் அது வாரத்துக்கு எட்டரை மணி நேரம் ஆகிறது. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் இதற்குள் அடக்கம். எட்டரை மணி நேரம் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று காலண்டரில் கோடு போட்டுப் பார்க்காமல் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, பாதிப் பருவத்தில் காணாமல் போனவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

இனிப் பாடம். எல்லோரும் ஆசையாகப் புரட்டுவது மனநோய், கனவு, காதல் பற்றிய அத்தியாயங்களை. தாண்டிப் போவது ஆய்வு முறை பற்றிய இரண்டாவது அத்தியாயத்தை. என்னைக் கேட்டால் அந்த ஓர் அத்தியாயத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பரீட்சை நெருங்கினால் வல்லாரைக்குக் கிராக்கி வந்துவிடும். "வல்லாரைத் தொவையல் குடுத்தேன், மார்க் ஏறிச்சு" என்று ஒரு தாய் சொன்னால் அதை மறுக்கும் தைரியம் யாருக்கும் வராது. ஆய்வு முறை படித்த பிறகு கேள்விகள் தானாக வருகின்றன. அதே மாதத்தில் பிள்ளையை டியூஷனுக்கும் அனுப்பினீர்களா? கைப்பேசியைப் பிடுங்கி வைத்தீர்களா? வல்லாரை சாப்பிடாத பிள்ளைகளுக்கு மார்க் ஏறவில்லையா? கொடுத்தும் ஏறாத வீட்டுக்காரர் இதைக் கடைத்தெருவில் வந்து சொல்வாரா? வல்லாரை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாயின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். பரிசோதனை என்று புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதன் சாரம் இதுதான்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. 60 மார்க் வாங்கும் பையன் ஒருமுறை 35 வாங்குகிறான். அப்பா பிரம்பை எடுக்கிறார். அடுத்த சோதனையில் 55. "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழிக்கு இன்னொரு சாட்சி கிடைத்தாயிற்று. ஆனால் 35 என்பது காய்ச்சலோ, தெரியாத கேள்விகளோ சேர்ந்து வந்த ஒரு கெட்ட நாள். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அடுத்த முறை அவன் தன் வழக்கமான மார்க்கை நோக்கித்தான் ஏறுவான். அதேபோல 80 வாங்கிய நாளில் பாராட்டினால், அடுத்த முறை இறங்குவான். பாராட்டியதால் கெட்டுப்போனான் என்போம். 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம் இதே மயக்கத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறார்: திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள், பாராட்டினால் சொதப்புகிறார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்களாம். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறை வாங்கிய அடியில் எத்தனை அடி இந்தக் கணக்குப் பிழையால் விழுந்ததோ!

நாலு நம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதன், சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் ஊரில் பலரின் பேச்சு ஒரே திசையில் போகும். விபத்தில் சிக்கிய காரின் எண், கனவில் வந்த பாட்டியின் வீட்டு எண், எல்லாமே கடைக்குப் போகும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை அதிகம் இறுக்கும் என்று ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். 4861 எடுத்த மாமா 4816 விழுந்ததைப் பார்த்து, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே" என்கிறார். அவர் எட்டவே இல்லை. முதல் பரிசுக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான். அதை அவரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, என் மாணவர் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டார்.

அடுத்த யோசனை: படிக்கிற ஆய்வு ஒவ்வொன்றையும், யாரை வைத்துச் செய்தது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். 2010-இல் ஜோசப் ஹென்ரிச்சும் இரண்டு சகாக்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறது. முன்னணி உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கை அது எடுத்துக்காட்டியது. அவர்களிலும் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அந்த அமெரிக்கர்களில் பெரும்பங்கு உளவியல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த மாணவர்கள். "மனிதர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள்" என்று புத்தகம் சொல்லும்போது, எந்த மனிதர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

மார்ஷ்மெல்லோ சோதனை உங்கள் புத்தகத்திலும் நிச்சயம் வரும். ஸ்டான்போர்டில் வால்டர் மிஷெல் செய்தது: இப்போதே தின்றால் ஒரு மிட்டாய், நான் வரும்வரை காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று தன்முனைப்புப் பேச்சாளர்கள் இதை நம் மண்டபங்கள்வரை கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, 2013-இல் செலஸ்ட் கிட் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வை. மிட்டாயைக் கொடுப்பதற்கு முன், பாதிப் பிள்ளைகளிடம் "நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மீதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே கொடுத்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்.

பாலர் பள்ளியில் வேலை செய்கிறவளுக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி பசியாற வைக்கும் பிஸ்கட்டைத் தட்டில் வைத்த நொடியில் வாய்க்குள் தள்ளிவிடுவாள். அடக்கம் இல்லாத பிள்ளை என்றுதான் பேச்சு. அப்பாவுக்கு வேலை ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. "சனிக்கிழமை வாங்கித் தரேன்" என்ற சனிக்கிழமை அந்த வீட்டில் வருவதே இல்லை. அவளுடைய அனுபவத்தில் கையில் இருப்பது மட்டும்தான் நிஜம். இப்போது எங்கள் வகுப்பில் "அப்புறம் தரேன்" என்று சொன்னால் அன்றே தந்துவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அதனால் அவள் மாறினாளா? ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டேன். இரண்டாவது அத்தியாயம் விடாது.

நம் பக்கத்திலிருந்து அந்தத் தடித்த புத்தகங்களுக்குள் போனது பெரும்பாலும் வினோதங்கள்தாம். பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1895-இல் வெளியிட்ட நூலில் அமோக், லத்தா இரண்டைப் பற்றியும் எழுதினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் 1994 பதிப்பில் இரண்டும் பண்பாடு சார்ந்த கோளாறுகள் என்று பின்னிணைப்பில் இடம்பெற்றன. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கம்போங்கில் லத்தா வரும் ஒரு மக்சிக் இருந்தார். பின்னாலிருந்து யாராவது தகர டின்னைத் தட்டினால் திடுக்கிட்டு, எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்குவார், உட்கார்ந்தால் உட்காருவார். அவர் கையால் செய்த நாசி லெமாக்கும் எங்கள் அம்மாவுக்குப் பிரசவ காலத்தில் அவர் வந்து இருந்ததும் எந்தப் பின்னிணைப்பிலும் வராது. உங்கள் அசைன்மென்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது இந்த இடைவெளியில் தேடுங்கள். டியூட்டர்கள் மாஸ்லோவின் பிரமிடைப் படித்துப் படித்துக் களைத்துப் போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்களைப் பேட்டி எடுத்தால் ஒப்புதல் வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். சின்ன ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "கோயிலுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா" என்று எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படிக்கும் முறையைப் பாடமே கற்றுக்கொடுக்கிறது, ஆனால் நினைவாற்றல் அத்தியாயம் வருவதற்குள் பாதிப் பருவம் போய்விடும். ஆகவே முன்னதாகவே சொல்கிறேன். மஞ்சள் மார்க்கரைக் கீழே வையுங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை வாசித்துவிட்டு, மூடி வைத்து மூன்றுமுறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த மாதிரிதான் ஆபத்து. நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அதன் பிறகு தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தமிழில் சொல்வேன். பாவ்லோவின் நாய்க் கதையைச் சொன்னபோது அம்மா கையை நிறுத்தாமலே, "பெரட்டு மணி அடிச்சா இன்னும் எனக்குக் காலு பரபரங்குது, அதுக்கு நாயி எதுக்கு?" என்றார். பால் வெட்டுவதை விட்டு எத்தனையோ காலம் ஆன பிறகும்! பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மனநோய் அத்தியாயத்துக்கு வரும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கும் பெயர் சூட்டாதீர்கள். அந்த வாரம் உங்களுக்கே மூன்று நோய் இருப்பதாகத் தோன்றும், கொழுந்தனாருக்கு நான்கு. இது மாணவர் எல்லோருக்கும் வருவதுதான், அடுத்த அத்தியாயத்தில் சரியாகிவிடும். ஊரார் உங்களை விட மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். அக்கா சைக்காலஜி படிக்குது என்று தெரிந்ததும் இரவில் கதவு தட்டுவார்கள். 1998-இன் கவுன்சலர்கள் சட்டப்படி பதிவு பெறாதவர் இந்த நாட்டில் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரே ஓர் அறிமுகப் பாடம் படித்தவர் காது கொடுத்துக் கேட்கலாம், கிளினிக்குக்குக் கூடவே போகலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் சொன்னால் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் மறைத்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இருந்தன. இன்னும் செய்தி போய்ச் சேராத வீடுகள் இருக்கின்றன.

பாடப் புத்தகம் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். முந்தைய பதிப்பு போதும், அத்தியாய எண் மட்டும் மாறியிருக்கும். மூத்த மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் கால் விலைக்குக் கிடைக்கும். இந்தப் பாடம் பிடித்துப்போய்த் தொடர நினைப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: இதற்குப் பின்னால் புள்ளியியல் காத்திருக்கிறது, தப்பிக்க வழி இல்லை. வீட்டில் பிள்ளைகளின் படிவம் நான்கு கணிதப் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சராசரியும் பரவலும் வரும் பக்கங்களை விடுமுறையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.