உழைச்செல்வான்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் எவர்க்கும் எளிதின் விளங்குவன. நான்காமவனாகிய உழைச்செல்வானையோ, அருகிருந்து மருந்தை உரியபடி உதவுவோன் எனப் பொருள் கூறி வகுப்பில் விரைந்து கடந்துவிடுகின்றோம். அவன் இல்லாவிடத்து ஏனைய மூன்றும் என்னாகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட ஊர். அப்பக்கத்து மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும் ஒருவனைக் கண்ணாடிவிரியன் தீண்டிற்று எனக் கொள்வோம். அந்நஞ்சுக்கு மாற்று உண்டு. வடநெம்மேலியில் இருளர் 1978-இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தார் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்தாலைகளுக்கு விற்கின்றனர். அதனைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியினின்று மாற்றுமருந்து செய்கின்றனர். நஞ்சு ஏறியவனுக்கு முதற்கண்ணே எட்டு முதல் பத்துக் குப்பி வேண்டும். கடையில் வாங்கி வருக எனின், கூலியாள் என் செய்வான்? பாம்பு கடிப்பதற்கு முன்னரே அவை அருகிலுள்ள மருத்துவமனை அலமாரியில் இருத்தல் வேண்டும்.

அவ்வாறு இருக்கச் செய்யும் தொழிலை, 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மேற்கொண்டது. அரசு மருத்துவமனைகட்கு வேண்டும் மருந்துகளை அஃது ஒருங்கே ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளிற் சேர்க்கின்றது. மாதிரியைச் செய்தவர் பெயர் மறைத்துச் சோதனைக்கு அனுப்புகின்றது. தேறிய பின்னரே மருந்து கிடங்கைவிட்டு வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. ஆண்டுக்குரிய தொகை அதில் எழுதப்பெறும்; எடுத்த மருந்தின் விலை அதிற் கழியும். ஒரு சிற்றேட்டை இத்துணைப் பாராட்டுதல் சிலர்க்கு நகைப்பாகலாம். ஆயினும் மலையடிவாரத்து மருத்துவமனை, மேலிடத்தார் அனுப்பியதைக் கொள்ளாது, தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுப் பெறுவது இவ்வேட்டினாலன்றோ? கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இம்முறையைத் தழுவின. குறையே இல்லாதது என்பது எம் கருத்தன்று. மருந்தாளுநர் காலமறிந்து கேளாவிடின், கிடங்கு நிறைந்திருந்தும் அலமாரி வெறிதாகும்.

நிற்க. இன்றியமையா மருந்துகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1977-இல் முதன்முதலாக வெளியிட்டது. பட்டியலிற் பெயர் இருப்பதும் அலமாரியிற் குப்பி இருப்பதும் ஒன்றல்ல. ஆப்பிரிக்கப் பாம்பினங்கள் பத்துக்கு மாற்றாயிருந்த 'ஃபாவ் ஆப்பிரிக்' என்னும் மருந்தைச் செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனி சனோபி பாஸ்டர், மலிவான பிற மருந்துகளோடு போட்டியிட இயலாதென 2014-இல் அதனைச் செய்வதை நிறுத்திற்று. வாங்க வேண்டிய நாடுகள் பல. அனைத்துக்கும் சேர்த்து உறுதியாக வாங்குவார்தாம் இல்லை. எஞ்சிய சரக்கும் 2016-இல் காலாவதியாயிற்று. பாம்புகள் குறைந்தில, மருத்துவரும் இருந்தனர், மருந்து செய்யும் அறிவும் அழிந்திலது. புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைச் சேர்த்தது அதற்கு அடுத்த ஆண்டிலேதான்.