கிறிஸ்துமஸ் கேக்: பழம் அடியில் தங்காமல் இருக்க...

கணவனும் மனைவியும் வேலையைப் பிரித்துக்கொண்டால் கேக் பதமாக வரும்.

1. திராட்சை, பேரீச்சையை முதல் நாள் இரவே ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். காய்ந்த பழம் மாவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

2. ஊறியதை வடித்து, துணியில் ஒற்றி, இரண்டு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேருங்கள். ஈரப்பழம் வழுக்கி அடியில் போய்விடும். முக்கியமாக, கலவை தளர்ந்திருக்கக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல், கட்டியாக விழ வேண்டும்.

3. வெண்ணெயையும் முட்டையையும் முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவையுங்கள். சில்லென்ற முட்டை பட்டால் வெண்ணெய் திரியும்.

4. ஒருவர் மாவு கலக்கும்போதே மற்றவர் ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்கட்டும். கலந்த மாவு காத்திருந்தால் பேக்கிங் பவுடரின் வேகம் குறையும்.

5. முதல் அரை மணி நேரம் ஓவனைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி அமுங்கும்.

சுட்ட அன்றே வெட்ட வேண்டாம்; மறுநாள்தான் துண்டு உதிராமல் வரும்.