புதிதாகச் சேகரம் ஏற்கும் குருவானவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஆறு ஆண்டுக் காலம் ஊழியம் செய்த அதே தேரிக்காட்டுச் சேகரத்துக்கு உம்மை அனுப்புகிறார்கள் என்று கேட்டது முதல், சந்தோஷமும் சற்றே விசாரமும் மனத்தில் ஒருங்கே எழுந்தமையால், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீர் போய் இறங்கும் நாளில் சபையார் ஊர் எல்லையிலேயே காத்திருப்பார்கள்; கோயில் மணி ஒலிக்க, பாடகர் குழு முன்னே செல்ல, மாலையும் சால்வையும் சீப்புச் சீப்பாய் வாழைப்பழமும் வந்து குவிய, உம்மைப் பவனியாக அழைத்துச் சென்று குருமனைத் திறவுகோலைக் கையில் கொடுப்பார்கள். அந்த உபசாரத்தைக் கூச்சப்பட்டு மறுக்கவும் வேண்டாம், அது உமக்கே உரியதென்று மயங்கவும் வேண்டாம். உமக்கு முன்னிருந்தவருக்கும் இதே விமரிசைதான் நடந்தது. மாலைகளைக் கழற்றும்போது, மாலை வாங்க வகையில்லாமல் கூட்டத்தின் பின்னே நின்றவர்கள் யாரென்று உபதேசியாரிடம் மெல்லக் கேட்டு, மறுநாள் காலையில் முதலாவதாக அவர்கள் வீட்டுக்குப் போய் வாரும்.

இதை நான் என் புத்தியினால் கண்டறியவில்லை. அங்கே என் முதல் கிறிஸ்துமஸ் அன்று, ஏழை விதவைகளுக்குச் சேலை வழங்கும் தருமத்தைச் சிறப்பாகச் செய்கிறோம் என்ற கர்வத்தில், ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துச் சபையார் பார்க்கக் கொடுத்தேன். பனையிலிருந்து விழுந்து இறந்த ஒருவரின் மனைவி, குனிந்த தலையோடு சேலையை வாங்கிச் சென்றவள், லெந்து காலம் கழியும்வரை கோயில் படியை மிதிக்கவில்லை. காரணம் கேட்டபோது, வீடு வீடாய்க் கைப்பிடி அரிசி சேகரிக்கும் மூதாட்டி சொன்னாள்: “பத்து வருஷமா ஒரு நாளும் தவறாம அரிசி போட்டவ ஐயா அவ. ஒரே நாள்ல அவளை வாங்குறவளா நிறுத்திட்டீங்களே.”

உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் அந்த வழக்கத்தை, அதுவரை சேகரக் கணக்கில் ஒரு சிறு வரவாக மட்டுமே எண்ணியிருந்தேன். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் சபைகள் பெறுவதை மட்டும் பழகியவை அல்ல. ரேனியஸ் ஐயர் 1830-இல் தொடங்கிய தருமசங்கம், சபையார் கொடுத்த சந்தாவையும் சேர்த்தே, மதம் மாறியதால் இருக்க இடமின்றித் தவித்தவர்களுக்கு நிலம் வாங்கியது. 1903-இல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் தோற்றுவித்த இந்திய மிஷனெரி சங்கமும், அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல், இந்த ஊர்களின் காசைக்கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பியது. பனையேறிக் குடும்பங்களும் சேர்ந்து கொடுத்த காசு அது. ஆகையால் நீர் செய்யப்போகும் எந்தத் தருமத்திலும், இன்று வாங்குகிறவர் நேற்றுக் கொடுத்தவர் என்பதை மறவாதேயும். கொடுப்பதை இருட்டியபின் மூதாட்டியின் கையால் கொடுத்தனுப்பும். பெயர்களைப் பலிபீடத்தருகே வாசிக்க வேண்டாம்.

காலத்தையும் கவனியும். பதநீர் இறங்கும் பங்குனி முதல் ஆடி வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியும். ஐப்பசி கார்த்திகை மழையில்தான், கருப்பட்டி விற்ற காசு தீர்ந்து, கடன் வாசலுக்கு வரும். நாமோ கிறிஸ்துமஸுக்கென்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்போம். நான் பிற்பாடு பாதியை ஐப்பசிக்கே ஒதுக்கினேன். கோயிலுக்கு வராத வீடுகளையும் விலக்கவில்லை. கமிட்டியில் இருவர் முணுமுணுத்தார்கள், அதற்கென்ன செய்வது! அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி போட்டு விலை ஏற்றியவர்களும் அவர்களே என்பதால், அவர்களிடம் இரக்கம் இல்லையென்றும் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் பார்க்கக் கொடுத்துப் பழகிய கைகள், அவ்வளவுதான்.

அரிசிப் பானைகள் இருக்கும் அறைச் சாவி அந்த மூதாட்டியின் குடும்பத்தாரிடம் இருக்கும். வருஷக் கணக்கை மட்டும் பாரும், சாவியைக் கேளாதேயும். இன்னொன்று: குருமனையின் வடகிழக்கு மூலை மழைக்கு ஒழுகும். உம் புத்தகப் பெட்டியை அங்கே வைத்துவிடாதேயும்.

உம் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஊழியன்