நின்று நின்று செல்லும் வண்டி

ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வருவோரை எதிர்கொள்வது மின்சார ரிக்‌ஷாக்களின் வரிசை. புகை இல்லை, உறுமலும் இல்லை. சில மின்கலங்கள், ஒரு சிறு மோட்டார், நால்வர் அமர இடம்; இவ்வளவே அதன் அமைப்பு. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் அது செல்லலாகாது என்பது விதி. சிறிது தொலைவில், பங்கா ரோட்டின் நெரிசலில், பெட்ரோல் கார்கள் நின்றும் நகர்ந்தும் ஊர்ந்துகொண்டிருக்கும். எளிய ரிக்‌ஷா எளிதில் செய்துவிட்ட மாற்றத்தைச் செய்யப் பெரிய கார்க் கம்பெனிகள் ஏன் தயங்கின? இப்போது ஏன் மாறுகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் பௌதிகமே விடை கூறுகிறது.

இழப்பின் கணக்கு

1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், செல்வதாகக் கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் 50,000 ஜூல் என்று கிடைக்கும். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தால், அவ்வளவும் சக்கரங்களின் உராய்வில் வெப்பமாகி வீணாகும். நாற்பது முறை நின்றால் இழப்பு 20 லட்சம் ஜூல்.

இழப்பு இத்துடன் முடியவில்லை. பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்திற்குத் தருகிறது. எஞ்சியது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. எனவே 20 லட்சம் ஜூலை ஈடுசெய்ய 80 லட்சம் ஜூல் அளவுக்குப் பெட்ரோல் எரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் உண்டு. ஆகவே நாற்பது முறை நின்றதற்கு மட்டும் கால் லிட்டர் போயிற்று! நிற்கும்போது வீணே ஓடும் எஞ்சின் குடிப்பது தனிக்கணக்கு.

இருவிசை வண்டி

இவ்விழப்பைத் தடுக்க எழுந்ததே ஹைபிரிட் வண்டி. எஞ்சின், மின் மோட்டார் என்னும் இரு விசைகள் அதில் உள்ளன. பிரேக்கை மிதித்ததும் மோட்டாரே டைனமோவாக மாறி, சக்கரத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்க்கிறது. வண்டி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும்; மீண்டும் புறப்படும்போது மோட்டார் இழுக்கும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1997-இல் விற்பனைக்குக் கொணர்ந்த பிரியஸ் கார் இம்முறையைப் பரவச் செய்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: வெளியிலிருந்து மின்னேற்றம் பெறாத ஹைபிரிட் வண்டியின் ஆற்றல் முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. அது பெட்ரோலைக் குறைக்குமே தவிர நீக்காது.

தயக்கத்தின் காரணம்

முழு மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. மோட்டார், தான் பெறும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கிவிடும். பின் தயக்கம் ஏன்? மின்கலத்தின் எடையே காரணம். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கையே ஒரு கிலோ லித்தியம் அயனி மின்கலம் தாங்கும். ஈய அமில மின்கலமோ அதிலும் மிகக் குறைவு. மெல்ல, குறுகிய தூரம் செல்லும் ரிக்‌ஷாவுக்கு அது போதும். நெடுந்தூரம் செல்லும் காருக்குப் போதாது. 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா ஈய அமில மின்கலத்தை நம்பியிருந்த சிறு கார், பெருவழக்காகப் பரவவில்லை. 2020-இல் வந்த டாட்டாவின் நெக்ஸான் மின்சாரக் கார் லித்தியம் மின்கலத்தால் அத்தடையைப் பெரிதும் கடந்தது.

சட்டத்தின் உந்துதல்

விஞ்ஞானம் வழிகாட்டினால் மட்டும் கம்பெனிகள் மாறிவிடுவதில்லை. சட்டமும் உந்த வேண்டும். தில்லியின் பஸ்கள் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், 2002-க்குள் அம்மாற்றம் நடந்தேறியதும் நாடறிந்த செய்தி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் கடும் புகைவிதி நாடெங்கும் வந்தது. நமக்கு அண்மையிலுள்ள குர்கானில் 1983-இல் தன் முதல் காரை வெளியிட்ட மாருதி, அவ்விதியோடு டீசல் கார்களையே கைவிட்டது. 2022-இல் கிராண்ட் விட்டாரா என்னும் ஹைபிரிட் காரையும், 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஹன்சல்பூர் ஆலையிலிருந்து இ-விட்டாரா என்னும் மின்சாரக் காரையும் வெளியிட்டது. ஒரே கம்பெனி படிப்படியாக நகர்ந்ததை இதிற் காணலாம்.

புகை எங்கே போயிற்று?

மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் விளைவது. ஜனக்புரியில் வெளிவராத புகை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் வெளிவருகிறது. குளிர்காலத்தில் தில்லியின் மூச்சை அடைக்கும் காற்றில் சாலைப் புழுதியும், வயல்களில் எரியும் வைக்கோலும் கலந்துள்ளன. எனவே காரை மட்டும் மாற்றினால் யாவும் தீரும் என்று எண்ணுதல் பேதைமை. எனினும் மக்கள் நெருங்கி வாழும் தெருவிலிருந்து புகை அகலுவது சிறு நன்மையன்று. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பெருகப் பெருக அந்நன்மையும் வளரும்.

நமக்கு இதில் என்ன?

பிஸ்டன், வால்வு, கிளட்ச், கியர், ரேடியேட்டர் ஆகியவற்றைச் செய்தே அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் எத்தனையோ பட்டறைகள் வாழ்கின்றன. இவற்றுட் பல மின்சாரக் காருக்கு வேண்டப்படுவதில்லை. மறுபுறம், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மின்சாரக் கார்களைச் செய்கிறது. 2025-இல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. நம் ஊர்த் தொழிலாளியின் பிழைப்பு இம்மாற்றத்தில் சிக்கியிருக்கிறது. மாணவ நண்பர்களே, ரசாயனம் பயில்வோர் மின்கலத்தையும், பொறியியல் பயில்வோர் மோட்டாரையும் அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியையும், பொருளாதாரம் பயில்வோர் பட்டறைத் தொழிலாளியின் மறுபயிற்சியையும் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளலாம்.

இறுதியாக ஒரு பயிற்சிக் கணக்கு: 12,000 கிலோ எடையுள்ள நகரப் பஸ் அதே 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு நிறுத்தத்தில் நின்றால் எத்தனை ஜூல் இழக்கும்? உங்கள் வழித்தடத்தின் நிறுத்தங்களை எண்ணி அத்தொகையைப் பெருக்கிப் பாருங்கள். தில்லிப் போக்குவரத்துக் கழகம் 2022 முதல் மின்சாரப் பஸ்களை ஓட்டுவதன் பொருள் அப்போது நன்கு விளங்கும்.