டிராம்போன் வாத்தியமும் ஜிம்மி ஹாரிஸனும்

பலர் கூடிப் பாடுமிடத்து ஒருவர் குரல் முன்னே ஒலிக்கும். ஏனையோர் குரல் அதனைத் தாங்கி நிற்கும். தாங்கி நிற்பவரின் பெயரை அவையோர் பெரும்பாலும் வினவுவதில்லை. இசைக் கருவிகளின் நிலையும் இத்தகையதே. மேனாட்டு ஊது கருவிகளுள் ஒன்றாகிய டிராம்போன் நெடுங்காலம் பிற கருவிகளைத் தாங்கி நிற்கும் பணியையே செய்து வந்தது. 1920-க்குப் பின் வந்த பத்தாண்டுகளில், அமெரிக்க நடன வாத்தியக் கோஷ்டிகளில், அது முன் வரிசைக்கு வந்து தானே பாடத் தொடங்கிற்று. அம்மாறுதலை நிகழ்த்தியோருள் தலையாய ஒருவர் ஜிம்மி ஹாரிஸன் என்னும் கறுப்பின இளைஞர். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது முப்பது ஆண்டுகளே. அவருடைய புகழுக்கு உரிய வாசிப்புக்களோ ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுள் அடங்கிவிட்டன. அவர் செய்தது யாது என்பதையும், அது ஏன் அரிது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் இயல்பு

ஹாரிஸனை அறிய வேண்டின் முதற்கண் அவர் கையாண்ட கருவியை அறிதல் வேண்டும். டிராம்போன் என்பது ஏறக்குறைய ஒன்பதடி நீளமுள்ள பித்தளைக் குழாய். இருமுறை வளைக்கப்பட்டு, ஒரு முனையில் கிண்ணம் போன்ற ஊதுவாயும், மறுமுனையில் மணி போன்று விரிந்த வாயும் உடையது. எக்காளம் முதலிய பிற பித்தளைக் கருவிகளில், அழுத்துதற்குரிய கட்டைகள் உண்டு. அவற்றை அழுத்துங்கால் சுரம் மாறும். டிராம்போனிலோ அத்தகைய கட்டைகள் இல்லை. குழாயின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின்மேல் வழுக்கிச் செல்லுமாறு அமைந்துள்ளது. அதனை முன்னே தள்ளக் குழாய் நீளும். நீளச் சுருதி இறங்கும்.

இங்ஙனம் நிறுத்துதற்குரிய நிலைகள் ஏழு. ஒவ்வொரு நிலைக்கும் அரைச்சுரம் இறங்குகிறது. ஆனால் இந்நிலைகள் சம இடைவெளி உடையன அல்ல. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லக் கை ஏறக்குறைய 3 அங்குலம் நகர்ந்தால் போதும். ஆறாம் நிலையிலிருந்து ஏழாவதற்குச் செல்ல 4 அங்குலத்துக்கு மேலும் நகரவேண்டும். குழாய் நீள நீள, அரைச்சுரம் இறக்குவதற்கு வேண்டிய நீளமும் அதே வீதத்தில் மிகுவதே இதற்குக் காரணம். முதல் நிலையிலிருந்து கடைசி நிலை வரை கை செல்ல வேண்டிய தூரம் ஏறக்குறைய இரண்டடி. இந்நிலைகளைக் காட்டக் குழாயில் யாதொரு குறியும் இல்லை. வீணையில் மெட்டுக்கள் விரலுக்கு வழி காட்டும். கோட்டு வாத்தியத்தில் காட்டா. டிராம்போன் இவ்வகையில் கோட்டு வாத்தியத்துக்கே இனமானது. செவியும் கையும் ஒருமித்தால் அன்றிச் சுரம் சுத்தமாக ஒலியாது.

ஒரே நிலையில் நின்றுகொண்டே உதட்டின் இறுக்கத்தை மாற்றுவதால் பல சுரங்களை எழுப்பவும் கூடும். மேல் ஸ்தாயியில் அச்சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி அமைவதால், அங்கே கை சிறிது நகர்ந்தாலே போதும்; கீழ் ஸ்தாயியில் அவை விலகி நிற்பதால், கை நெடுந்தூரம் ஓடவேண்டும். விரைந்த தாளத்தில் இக்கருவி தடுமாறுவதற்கு இதுவே காரணம். ஆகையால் சங்கீத வித்வான்கள் பலர் இதனை விரைவுக்கு ஏலாத கருவியெனவே மதித்தனர். தேவாலய இசையிலும், பின்னர்ப் பெரிய வாத்திய கோஷ்டிகளிலும் கம்பீரமான இடங்களுக்கே அதனை வைத்தனர். பீத்தோவன் தம் ஐந்தாம் ஸிம்பொனியில், 1808-இல், இறுதிப் பகுதி வரும் வரை டிராம்போன்களை மௌனமாகவே இருக்கச் செய்திருத்தல் இதற்குத் தக்க சான்று.

பழைய வழக்கு

ஜாஸ் இசையின் பிறப்பிடமெனப் போற்றப்படும் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வாத்தியக்காரர்கள் வண்டியிலேறி வீதிதோறும் வாசித்து, நடனங்களை விளம்பரம் செய்வது வழக்கம். டிராம்போன் வாசிப்பவரின் கை நெடுக நீளவேண்டும் ஆதலின், அவரை வண்டியின் பின்புறத்தே அமர்த்துவர். அங்கிருந்து அவர் கார்னெட்டும் கிளாரினெட்டும் வாசிக்கும் இசைக்கு இடையிடையே நீண்ட இழுப்புக்களால் பாலம் அமைப்பார். கிட் ஓரி என்பவர் இம்முறையில் பேர் பெற்றவர். அது வலிமையும் நகைச்சுவையும் வாய்ந்த முறையே. எனினும், இசையின் தலைமை கார்னெட்டினிடமே இருந்தது.

1924-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் மேதை நியூயார்க்கிற்கு வந்து ஒராண்டுக் காலம் பிளெட்சர் ஹெண்டர்ஸனின் கோஷ்டியில் கார்னெட் வாசித்தார். ஒரு தனி வாசிப்பு எவ்வாறு தொடங்கி, வளர்ந்து, முடிவெய்த வேண்டும் என்பதை அந்நகரத்து வித்வான்கள் அவரிடமே கற்றனர் எனலாம். அவர் வாசித்ததைக் கார்னெட்டுக்காரர் பலரும் பின்பற்ற முயன்றதில் வியப்பில்லை. அதனை டிராம்போனில் வாசிக்கக்கூடும் என்று நினைத்ததே வியப்பு. அங்ஙனம் நினைத்து, நினைத்ததைச் செய்தும் காட்டினார் ஹாரிஸன்.

இளமையும் பயிற்சியும்

ஜிம்மி ஹாரிஸன் 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் பிறந்தார். வளர்ந்தது டெட்ராய்ட்டில். பதினைந்தாம் வயதளவில் டிராம்போனைக் கையிலெடுத்தார். பெரும்பாலும் தம் முயற்சியாலேயே பயின்றார். பேஸ்பால் ஆட்டத்திலும் வல்லவராய் இருந்தார். பின்னர் ஊர் ஊராய்ச் செல்லும் வேடிக்கை நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து, ஊதுவதோடு பாடவும் நகைச்சுவை நடிக்கவும் செய்தார். அக்காலத்துக் கறுப்பின நகைச்சுவை நடிகருள் தலைசிறந்த பெர்ட் வில்லியம்ஸின் பேச்சையும் பாட்டையும் போலச் செய்வதில் அவருக்குப் பெருவிருப்பு.

இவ்வனுபவம் வீண்போகவில்லை. பாடகன் மூச்செடுக்கும் இடமும், நடிகன் சொல்லை நிறுத்திச் சிரிப்பை எழுப்பும் இடமும் அவர் அறிந்திருந்தார். பிற்காலத்து அவர் வாசிப்பில் ஒரு சொற்றொடரை முடித்துச் சற்றே நிறுத்தி, அதற்கு விடை சொல்லுவதுபோல் அடுத்ததைத் தொடங்கும் வழக்கத்தைக் காணலாம். குழல் பேசுகின்றது என்று கேட்போர் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

1920-க்குப் பின் நியூயார்க்கை அடைந்து பல கோஷ்டிகளில் வாசித்தார். டியூக் எலிங்டனுடனும் சிலகாலம் இருந்தார். 1927-இன் தொடக்கத்தில் ஹெண்டர்ஸன் கோஷ்டியிற் சேர்ந்தார். அன்று தொட்டே அவர் பெயர் விளங்கலாயிற்று.

ஹெண்டர்ஸன் கோஷ்டி

பிளெட்சர் ஹெண்டர்ஸன் அட்லாண்டா கலாசாலையில் ரஸாயனமும் கணிதமும் பயின்ற பட்டதாரி. 1920-இல் ரஸாயனத் துறையில் மேற்படிப்பை நாடி நியூயார்க்கிற்கு வந்து, சங்கீதத் தொழிலிற் புகுந்தவர். பிராட்வேயில் அன்று இருந்த ரோஸ்லண்ட் நடன மண்டபத்தில் 1924 முதல் அவருடைய கோஷ்டி வாசித்துவந்தது. பத்துப் பன்னிருவர் கொண்ட அக்கோஷ்டியில் டாக்ஸபோன் அன்று, சாக்ஸபோன் வாசித்த கோல்மன் ஹாக்கின்ஸ் போன்ற மேதைகள் இருந்தனர். ஆடுவோரின் காலுக்கு இசைய வாசிப்பதே அங்குத் தொழில். அத்தொழிலின் நடுவே, பதினாறு அளவோ முப்பத்திரண்டு அளவோ ஒருவர்க்குத் தனி வாசிப்பு அளிக்கப்படும். விரைந்த தாளத்தில் முப்பத்திரண்டு அளவு என்பது அரை நிமிஷத்துக்குச் சற்று மிகுந்த காலமே. அவ்வரை நிமிஷத்துள் சொல்லவேண்டியதைச் சொல்லி அமர வேண்டும்.

1928-இல் பதிவான 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' என்னும் தட்டிலும், அதே ஆண்டு சார்லி ஜான்ஸன் கோஷ்டியுடன் பதிவான 'வாக் தட் திங்' என்னும் தட்டிலும், 1930-இல் சாக்லேட் டாண்டீஸ் என்ற பெயரில் ஒரு சிறு கோஷ்டி பதிவு செய்த 'டீ புளூஸ்' என்னும் தட்டிலும் ஹாரிஸனின் வாசிப்பைக் கேட்கலாம். ஒலி திண்மையும் தெளிவும் உடையது. சுரங்கள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே நிற்கின்றன. வழுக்கிச் செல்லும் இழுப்பை அவர் அறவே விட்டாரல்லர். அதனை அருமையாகக் கையாண்டார். எளிதில் வருவதை எங்கும் பயன்படுத்தாது, வேண்டுமிடத்து மட்டும் பயன்படுத்துதல் கலைஞனுக்கு அழகன்றோ?

இரு நண்பர்

1927-இன் இறுதியில் டெக்ஸஸ் மாகாணத்தினின்று ஜாக் டீகார்டன் என்னும் வெள்ளையர் நியூயார்க்கிற்கு வந்தார். அவரும் டிராம்போன் வாசிப்பவர். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே, வெவ்வேறு ஊர்களில், ஏறக்குறைய ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தனர். சந்தித்தபின் பகைமை கொள்ளாது நெருங்கிய நண்பராயினர். தொழில் முடிந்த பின்னிரவுகளில் கூடி வாசித்தனர்.

ஆயினும் அக்காலத்து நடன மண்டபங்களில் ஒரே கோஷ்டியில் இவ்விருவரும் அருகருகே அமர்தல் இயலாது. கறுப்பினத்தார் கோஷ்டி வேறு. வெள்ளையர் கோஷ்டி வேறு. ரோஸ்லண்டிலோ மேடைமீது வாசிப்போர் கறுப்பினத்தார். கீழே ஆடுவோர் வெள்ளையர். ஹாரிஸனின் இனத்தார் அங்கே இசையை அளிக்கலாம். அதற்கு இசைய ஆடுதல் கூடாது. ஹார்லெம் பகுதியில் 1926-இல் திறக்கப்பட்ட ஸவாய் மண்டபத்தில் இரு இனத்தாரும் ஆடினர். அது அருமையான விலக்கு. கண்ணை மூடிக் கேட்போர்க்கு ஒன்றுபோல் ஒலித்த இரு குழல்களைக் கண் திறந்த உலகம் இரு வேறு மேடைகளில் வைத்தது. இக்கொடுமையை நாம் தொலைநாட்டுச் செய்தியெனக் கேட்டு ஒதுக்கிவிடலாகாது. மனிதனின் திறமைக்கு இடம் கொடுத்து, மனிதனுக்கு இடம் கொடாத வழக்கம் எந்நாட்டில் இருப்பினும் ஒன்றே.

இறுதி நாட்கள்

1930-இல் ஹாரிஸனை வயிற்று நோய் பற்றியது. ஹெண்டர்ஸன் கோஷ்டியை விட்டு நீங்க நேர்ந்தது. 1931-இல் சற்றுத் தேறி, சிக் வெப் என்பவரின் கோஷ்டியிற் சேர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அக்கோஷ்டி பதிவு செய்த 'ஹீபி ஜீபீஸ்' என்னும் தட்டில் அவர் வாசிப்பு உண்டு. நோயாளி ஒருவர் ஊதியது என்று அதனைக் கேட்போர் எவரும் சொல்லார். நான்கு திங்களுக்குள், ஜூலை 23-ஆம் நாள், நியூயார்க்கில் அவர் உயிர் நீத்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்விங் என்னும் நடன இசை அமெரிக்கா முழுதும் பரவிற்று. டாமி டார்ஸி, கிளென் மில்லர் ஆகிய டிராம்போன்காரர்களே பெருங் கோஷ்டிகளின் தலைவராய்ப் பெரும்பொருள் ஈட்டினர். டீகார்டன் 1964 வரை வாழ்ந்து உலகப் புகழ் எய்தினார். ஹாரிஸன் அக்காலத்தைக் காணவில்லை. அவருக்குப்பின் வந்த கறுப்பின வித்வான்களாகிய டிக்கி வெல்ஸ், பென்னி மார்ட்டன் போன்றோர் அவர் திறந்த வழியிலேயே சென்றனர். மார்ட்டன் 1931-இல் அமர்ந்தது ஹெண்டர்ஸன் கோஷ்டியிலேயே.

நாம் அறியத்தக்கது

ஹாரிஸன் நூல் எழுதவில்லை, பள்ளி நிறுவவில்லை, தம் பெயரால் பெருங் கோஷ்டி நடத்திப் புகழ் பெறவுமில்லை. பிறர் கோஷ்டிகளில், பிறர் ஆடுவதற்காக, அரை நிமிஷம் அரை நிமிஷமாக வாசித்தார். அவ்வரை நிமிஷங்களைக் கேட்ட பிற டிராம்போன்காரர், தம் கருவியால் இயலாது என்று எண்ணியிருந்த ஒன்று இயலும் எனத் தெளிந்தனர். ஒரு கருவியின் எல்லையை அதனைச் செய்த கொல்லன் மட்டும் வகுப்பதில்லை. அதனை வாசிப்போரின் துணிவும் வகுக்கின்றது.

இசைத்தட்டு ஒன்று கிடைப்பின், மாணவ நண்பர்கள் 'டீ புளூஸ்' என்பதை ஒருமுறை கேட்பாராக. முதலிற் பாட்டின் மெட்டைக் கேட்டு, பின்னர் டிராம்போன் எங்கே பேசத் தொடங்குகிறது, எங்கே மூச்செடுக்கிறது, எங்கே முடிக்கிறது என்று கவனித்தால், இங்கே கூறிய அனைத்தும் எளிதில் விளங்கும். வாசிப்பவர் அதற்குப்பின் ஓராண்டுகூட வாழவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வாசிப்பில் அவசரம் சிறிதும் இல்லை.