ஹார்மோனியப் பெட்டி முன்னால் உட்காரப் போறியா? இதைக் கேட்டுட்டு உட்காரு!

புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக் காலம் வந்துட்டா, ஏதாவது ஒரு ஊர்ல வள்ளி திருமணமோ பவளக்கொடியோ மேடை ஏறிடும். இப்போ பள்ளி ஆண்டு விழா, இளைஞர் மன்றம்னு ஆளாளுக்கு இசை நாடகம் போட ஆசைப்படுறாங்க. ரொம்ப நல்லது. ஆனா "உனக்குத்தான் கீபோர்டு தெரியுமே"ன்னு பாடுறவங்களையும் வாத்தியக்காரங்களையும் மொத்தமா உன் தலையில கட்டியிருப்பாங்க. வேலைக்கும் போகணும், வீட்டையும் பார்க்கணும். பதறாதே தங்கச்சி, அக்கா சொல்றதை மட்டும் செய்.

ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், மிருதங்கம் வேற ஊர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைன்னு தனித்தனியா பேசி வச்சு, ஒத்திகையே இல்லாம அன்னிக்கு ராத்திரிதான் மேடையில சேருவாங்க. அப்படியும் நாடகம் நடக்குது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்ங்கறது ஒரு காரணம். ஹார்மோனியக்காரர் பாடுறவர் வாயையே கவனிச்சுக்கிட்டு இருக்கார்ங்கறது இன்னொரு காரணம். சுருதி அவர், பின்பாட்டு அவர், அடுத்த பாட்டுக்கு எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். உனக்கு வந்திருக்கிறதும் அதே வேலை. விரல் வித்தையைக் காட்ட வேற நாள் பார்த்துக்கோ.

1. கட்டையை, அதாவது பாடுற சுருதியை, முடிவு பண்ணாம ஒரு பாட்டையும் தொடாதே. "உனக்கு எத்தனை கட்டை?"ன்னு வாயால கேட்டா, எல்லாரும் ஐந்துன்னுதான் சொல்லுவாங்க. நம்பாதே. பாட வச்சுப் பார். அதுவும் பல்லவியை இல்ல. பாட்டுல எந்த வரி ரொம்ப மேலே போகுது, எந்த வரி ரொம்பக் கீழே இறங்குதுன்னு பார்த்து அந்த ரெண்டை மட்டும் பாடச் சொல்லு. ரெண்டும் வசதியா வந்தா அதுதான் கட்டை. காலையில தெளிஞ்ச தொண்டையில பார்க்காதே. சாயங்காலம், வேலை முடிஞ்சு களைச்சு வந்த தொண்டையில பார். நாடகம் நடக்கிறது ராத்திரியில.

2. வள்ளி திருமணத்துல வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ற இடத்துலதான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க. ஒருத்தர் பாட இன்னொருத்தர் மறுபடி பாட, நடுவுல சுருதி மாத்த நேரமே கிடையாது. பையனுக்கு மூணு, பொண்ணுக்கு ஐந்தரைன்னு இருந்தா என்ன பண்ணுவே? ரெண்டு பேரும் கத்தாம பாடக்கூடிய ஒரு நடுக் கட்டையைத் தர்க்கத்துக்கு மட்டும் வச்சுக்கோ. தனிப்பாட்டை அவங்கவங்க கட்டையில விடு. நடுக் கட்டையே அமையலைன்னா ஆளை மாத்து. மூஞ்சி பொருத்தமா இருக்குன்னு பிடிவாதம் பிடிக்காதே.

3. பதின்மூணு, பதினாலு வயசுப் பையனைப் பாட வைக்கிறவங்க இதைக் கண்டிப்பா கேளுங்க. மகரக்கட்டு வந்து உடைஞ்ச குரலை அதட்டிப் பாட வைக்காதீங்க. நம்ம புதுக்கோட்டை நடிகர் பி.யு.சின்னப்பாவை எடுத்துக்கோங்க. சின்னப் பையனா சங்கரதாஸ் சுவாமிகள் உண்டாக்கின தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில சேர்ந்து, அப்புறம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில பேர் வாங்கினவர். குரல் உடைஞ்சதும் கம்பெனியை விட்டு விலகினார். சும்மா இருக்கலை. முறையா சங்கீதம் கத்துக்கிட்டார், சிலம்பமும் கத்துக்கிட்டார். 1944-ல வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்துல பாடுறவரும் அவரே, பக்கவாத்தியக்காரங்களும் அவரேன்னு ஒரே பாட்டுல வந்து அசத்தினார். உடைஞ்ச குரலை அதட்டாம விட்டா, போகப்போகப் புதுக் குரலா நிலைச்சுடும். அதுவரைக்கும் அந்தப் பையனுக்கு வசனம் கொடு, தாளம் போடச் சொல்லு. "என்னடா தவளை மாதிரி கத்துறே"ன்னு நாலு பேர் முன்னால சொன்னா, அப்புறம் அவன் பாட்டுப் பக்கமே வரமாட்டான்.

4. மிருதங்கம் கீபோர்டு மாதிரி பட்டனைத் தட்டினா மாறாது. ஒரு மிருதங்கத்தைக் கொஞ்சம் ஏத்தலாம், கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். பாட்டுக்குப் பாட்டு கட்டையை மாத்திட்டு வித்வானைப் பார்த்து முறைக்காதே. ஒரே கட்டைப் பாட்டுகளை முடிஞ்சவரை அடுத்தடுத்து வர்ற மாதிரி வை, இல்லைன்னா ரெண்டு மிருதங்கம் கொண்டுவரச் சொல்லு. தொப்பியில, அதான் இடது பக்கத்துல, ரவை பிசைஞ்சு அப்புறதுக்கும் சுருதி கூட்டுறதுக்கும் நேரம் வேணும். அவரை விழா ஆரம்பிக்கிற நேரத்துக்கு வரச் சொல்லாம ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லு. லய மேதைகள் மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த ஊர் இது. லயக்காரங்களை மதிக்கத் தெரியாம இங்கே மேடை போடக்கூடாது.

5. கீபோர்டு வாசிக்கிறவளா இருந்தா, டிரான்ஸ்போஸ் பட்டனை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி பார். போன பாட்டுக்கு வச்சது அப்படியே கிடக்கும். நீ தொட்டதும் பாடுறவ திகைச்சுப் போய் நிப்பா.

6. ஒத்திகைக்கு நேரம் இல்லையா? முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாட விடாதே. தொண்டைதான் போகும். மூணு இடத்தை மட்டும் பார்: வசனம் முடிஞ்சு பாட்டு எடுக்கிற இடம், விருத்தம் முடிஞ்சு தாளம் தொடங்குற இடம், பாட்டை முடிக்கிற இடம். எல்லாக் குளறுபடியும் இங்கேதான் நடக்கும். விருத்தத்துல மிருதங்கம் வாயே திறக்கக்கூடாது. பாட்டு சமத்துல எடுப்பா, தள்ளி எடுப்பான்னு வாத்தியக்காரங்க எல்லாருக்கும் தெரியணும். ஒரு தாள்ல பாட்டு, கட்டை, ராகம், தாளம், முன்னாடி வர்ற வசனத்தோட கடைசி வார்த்தை, இவ்வளவையும் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி கொடு. வாட்ஸ்ஆப்ல அனுப்பிட்டேன்னு சொல்லாதே. மேடை வெளிச்சத்துல எவனும் போனைத் தேட மாட்டான்.

7. நீ உட்காருற இடத்துலேர்ந்து நடிக்கிறவங்க வாயும் மிருதங்கக்காரர் கையும் தெரியணும். பந்தல்காரர் ஸ்பீக்கர் பெட்டியை நடுவுல வச்சிருப்பார். நகர்த்தச் சொல்லு, கூச்சப்படாதே. ரெண்டு கையும் வேலையா இருக்கும், அதனால தலையசைப்புலதான் பேசணும். எந்த அசைவுக்கு என்ன அர்த்தம்னு முன்னாடியே பேசி வை.

8. மேடையில யாராவது ஒரு சரணத்தை விட்டுட்டுத் தாவிட்டாங்களா? நீயும் கூடவே தாவு. தாளை வச்சுக்கிட்டு நீ எழுதினபடிதான் வாசிப்பேன்னு நின்னா, தப்பு ஊருக்கே தெரிஞ்சுடும். வரி மறந்துட்டா சுருதியைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த வரியோட முதல் வார்த்தையைப் பின்பாட்டா எடுத்துக் கொடு. முறைக்காதே, தலையில அடிச்சுக்காதே. பயந்த தொண்டையில சுருதி நிக்காது.

9. ஆல்ரவுண்ட்னு சொல்ற தாள வாத்தியத்தை வாசிக்கிற தம்பிகிட்ட அன்பா, ஆனா கறாரா சொல்லிடு. வசனம் நடக்கும்போது உருட்டக்கூடாது, பபூன் வரும்போது ஆசை தீர அடிச்சுக்கலாம்.

10. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கு. அனுமதி வாங்கியாச்சா, எத்தனை மணி வரைன்னு விழாக் கமிட்டியைக் கேளு. தலைவர்கள் பேச்சு நீண்டா எந்தப் பாட்டை விடலாம்னு இப்பவே பென்சில்ல குறிச்சு வை. அந்த நேரத்துல யோசிச்சா நல்ல பாட்டைத்தான் வெட்டுவே.

கடைசியா ஒண்ணு. நம்ம மாவட்டத்துல வருஷக் கணக்கா நாடகத்துக்கு வாசிச்ச ஹார்மோனியக் கலைஞர்கள் இன்னும் இருக்காங்க. நாடக நடிகர் சங்கத்துல கேட்டா தெரியும். அவங்கள்ல ஒருத்தரை ஒரு நாள் ஒத்திகைக்கு அழைச்சுட்டு வா. போக வர வண்டி ஏற்பாடு பண்ணு, வெத்தலைப் பாக்கோட சன்மானம் வச்சுக் கொடு, பக்கத்துல உட்கார்ந்து அவர் எப்போ வாசிக்காம இருக்கார்னு பார்த்துக்கோ. இந்த வாரமே போய்க் கேளு.