மருந்துக்கடை மரச்சாமான்: முதலில் எதை வாங்கலாம்?

ஜோகூரில் பழைய மருந்துக்கடைச் சாமான் தேடுபவர் பெரும்பாலும் மூன்றுக்குள் திண்டாடுவார்: மரக்கூட்டோடு வரும் டாச்சிங் தராசு, சீன மருந்துக்கடையின் இழுப்பறை அலமாரி, தோட்ட டிஸ்பென்சரியின் மருந்துப் பெட்டி. புதிதாகத் தொடங்குபவர் டாச்சிங்கையே எடுக்கட்டும். விலை தாங்கும், இடம் அடைக்காது, உண்மையா போலியா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

டாச்சிங் என்றதும் தேசிய முன்னணிக் கொடியின் இரட்டைத் தட்டை நினைக்க வேண்டாம். இதற்கு ஒரே தட்டு, மெல்லிய கோல், நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு. இவை அடங்கும் வயலின் வடிவக் கூடு, ஒரு முனையில் ஆணியடித்த இரண்டு பாதிகள். பக்கவாட்டில் திருப்பினால் திறக்கும். விற்பவர் ‘அபின் தராசு’ என்று விலையை ஏற்றுவார். மருந்து, தங்கம், அபின் மூன்றையும் இதே கோலில்தான் நிறுத்தார்கள். அந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பழைய டாச்சிங்கில் அடிக்கடி தொலைந்து மாறிப்போவது குண்டுதான். சோதிப்பது சுலபம். பழைய நிறை அளவில் ஒரு தாகில் பத்து சீ, ஒரு சீ பத்து ஹூன். சீ ஒன்று ஏறக்குறைய 3.78 கிராம். 2012இல் வந்த பொன்னிற 50 காசு 5.66 கிராம். அதைத் தட்டில் வையுங்கள். ஒன்றரைச் சீப் புள்ளியில் குண்டு நிற்கும்போது கோல் படுக்கையாக இருந்தால் குண்டு அதனுடையதுதான். வெகுதூரம் தள்ளிப் போனால் விலையைக் குறைத்துப் பேசலாம். கோலில் இரண்டு மூன்று பிடிநூல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அளவுவரிசை உண்டு. சரியான வரிசையைத்தான் பார்க்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள்.

கோல் எலும்பா தந்தமா என்பது அடுத்த கேள்வி. வெட்டுமுனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: கருப்புப் பொட்டுகள் தெரிந்தால் எலும்பு, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் பின்னினால் யானைத் தந்தம். தந்தமானால் விட்டுவிடுவதே மேல். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் தேவை; காஸ்வே தாண்டினால் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் தந்த விற்பனைக்கே தடை.

இழுப்பறை அலமாரி பார்க்க அழகு. ஃபிளாட்டில் குடியிருப்பவருக்கு அது வினை. வாங்கியே தீருவதென்றால் ஒவ்வொரு இழுப்பறையையும் வெளியே இழுத்து அடிப்பலகையைப் பாருங்கள். பெரிய அலமாரியை அறுத்துச் சின்னதாக்கியிருந்தால் புதுவெட்டு அங்கே வெளிறித் தெரியும். கால்களைத் தட்டுங்கள், கரையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். முகப்பில் சீன எழுத்து மங்கிவிட்டதே என்று வார்னிஷ் மட்டும் அடிக்காதீர்கள்.

டிஸ்பென்சரிப் பெட்டிதான் நமக்கு நெருக்கம். குளுவாங், சிகாமாட் பக்கத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளரான டிரஸ்சர் கையாண்ட, சீசாக்களுக்குத் தடுப்பு வைத்த பெட்டி. எந்தத் தோட்டம், யார் கையிலிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் அது வெறும் பெட்டி. சொன்னால், உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் டாச்சிங்கைவிட இதற்கே மதிப்பு அதிகம், கிடைப்பதுதான் அரிது. பழைய சீசாவை முகர வேண்டாம், அடியில் பாதரச உப்பு இருக்கலாம்.

மர உரலை ‘சித்த வைத்தியர் வீட்டு உரல்’ என்று நீட்டினால் நம்பாதீர்கள். மருந்தை மரம் உறிஞ்சும் என்பதால் அரைக்கும் வேலை கல்லால் ஆன கல்வத்தில்தான் நடந்தது.

எதை வாங்கினாலும் ஒரு வாரம் கருப்புத் தாள் மேல் வையுங்கள். மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. சின்னச் சாமானைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லையேல் மரம் வியர்த்துவிடும்.